கத்தி படாத வைத்தியம்

அக்கா பையன் சைக்கிளிலிருந்து விழுந்தான். ஹாண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்திவிட்டது. வெளியே ஒரு கீறல் இல்லை. ஸி.டி. ஸ்கான் எடுத்தால், மண்ணீரலில் கிழிசல்!

“உடனே ஆபரேஷன்தானே, டாக்டர்?” என்றேன். அக்காவுக்கோ நாக்கு எழவில்லை.

“வேண்டாம் அம்மா. ரத்த அழுத்தம் நிலையாக இருக்கிறது. படத்தில் புதிதாக ரத்தம் கசியக் காணோம். அநேகமாகத் தானே ஆறிவிடும். மண்ணீரலை எடுத்தால் ஆயுள் முழுக்கத் தொற்றுநோய்ப் பயம்.”

1971-ல் லண்டனில் ஒரு பெண்மணியின் தலையைப் படம் பிடித்த யந்திரம், பிறகு வயிற்றுக்கும் வந்தது. அதற்கு முன்பெல்லாம் திறந்து பார்ப்பார்கள். பார்த்த கையோடு எடுத்தும் விடுவார்கள்.

மணிக்கொரு தரம் நாடி பார்த்தார்கள். அழுத்தம் இறங்கினால் கத்திதான். தியேட்டர் தயாராக இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்க நாங்கள் பட்ட பாடு!

நாலாம் நாள் பயல் இட்லி கேட்டான். சைக்கிள் சாவி இன்னும் அக்கா முந்தானையில்.