முப்பது சதவீதத் தோள்

சுருளிப்பட்டியில் திராட்சைக் கொடி பந்தலில் படர்கிறது. கவாத்து ஆகட்டும், கொடி கட்டுவது ஆகட்டும், குலை அறுப்பது ஆகட்டும், கை தலைக்கு மேலேயே இருக்க வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை, காலையிலிருந்து அண்ணாந்து நிற்கிறவர்களின் தோள் வலியில் விளைகிறது. உத்தமபாளையத்தில் விபத்து வழக்கு நடத்துகிற எனக்கு, மனுதாரர் என்ன வேலை செய்தார் என்பதை நீதிபதியின் கண் முன் நிறுத்துவதுதான் தொழிலின் பாதி.

ஒரு பெண், 34 வயது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவரை வேன் இடித்து வலது தோள் எலும்பு முறிந்தது. பிளேட் வைத்து ஆபரேஷன் முடிந்து, எலும்பும் கூடிவிட்டது. ஆனால் கை தோள் மட்டத்துக்கு மேல் எழவில்லை. மெடிக்கல் போர்டு 30 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தது. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த முப்பதை அப்படியே ஏற்றுக்கொண்டார். ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும்.

மாத வருமானம் 9,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் எடுத்தால், 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 12,600. வருடத்துக்கு 1,51,200. 34 வயதுக்கு, 2009-இன் சரளா வர்மா தீர்ப்புப் பட்டியலில் பெருக்கும் எண் 16. மொத்தம் 24,19,200. அதில் முப்பது சதவீதம் 7,25,760 ரூபாய். சம்பாதிக்கும் திறனில் எண்பது சதவீதம் போய்விட்டது என்று நிரூபித்தால் 19,35,360. நடுவில் நிற்பது பன்னிரண்டு லட்சம்.

இந்த இடைவெளியைக் கடக்கப் பாலம் போட்டது 2010-இன் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு. டாக்டர் சொல்வது உடலின் ஊனம். அதனால் பிழைப்பில் எவ்வளவு போனது என்று முடிவு செய்ய வேண்டியது தீர்ப்பாயம். இடது கை போன டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகலாம், அரசு அலுவலக கிளார்க்குக்கு வேலை நிலைக்கலாம் என்று அந்தத் தீர்ப்பே எடுத்துக்காட்டுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அதில் அலுப்பு வந்ததில்லை.

ஆனால் தீர்ப்பை நீட்டினால் மட்டும் போதாது, சாட்சியம் வேண்டும். டாக்டரைக் கூண்டில் ஏற்றியதும் சதவீதத்தைப் பற்றி நான் பேசுவதில்லை. "கையை எத்தனை டிகிரி வரை தூக்க முடிகிறது?" "தொண்ணூறு." "தலைக்கு மேல் இருக்கும் கொடியைக் கத்தரியால் தொடர்ந்து வெட்ட முடியுமா?" "முடியாது." "இனி சரியாகுமா?" "வாய்ப்பில்லை." அவ்வளவுதான். நாலாவது கேள்வி கேட்டால் டாக்டர் விளக்கம் சொல்லத் தொடங்குவார், விளக்கத்தில் 'ஆனால்' நுழைந்துவிடும்.

எதிர்த்தரப்பு, பழம் தரம் பிரித்து அட்டைப்பெட்டியில் அடுக்கலாமே என்று கேட்கும். நியாயமான கேள்விதான். அதனால்தான் நூறு கேட்காமல் எண்பது கேட்கிறேன். உள்ளதை ஒப்புக்கொள்கிற மனுவை நீதிபதிகள் நம்புகிறார்கள் என்பது என் அனுபவம்.

காகிதங்களில் முதலில் பார்ப்பது ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியை, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலை. வலியில் துடிப்பவரிடமோ கூட வந்தவரிடமோ கேட்டு எழுதிய அந்த இரண்டு வரியில் 'தானே விழுந்தார்' என்று இருந்தால், எப்.ஐ.ஆர். எவ்வளவு நன்றாக இருந்தாலும் முட்டுக்கட்டைதான். கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் இடுக்கியில் அடிபட்டவர்கள் கேரளாவுக்கு அலைய வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி சொந்த ஊர்த் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடுவைத்தான் பலர் அறிவதில்லை. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்டு 2022 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது அது. மாவுக்கட்டு பிரிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வருமானம் இன்னொரு சிக்கல். கூலிக்காரரிடம் சம்பளச் சீட்டு ஏது? சையத் சாதிக் வழக்கில் ஒரு காலை இழந்த காய்கறி வியாபாரிக்கு, சான்று ஏதும் கேட்காமலே மாதம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் எடுத்துக்கொண்டது. இருந்தாலும் நான் சாட்சி தேடுவேன். தோட்டக்காரர்கள் கோர்ட்டுக்கு வரத் தயங்குவார்கள். அதனால் இந்த வழக்கில் மனுதாரரோடு வேலை செய்த பெண்ணையே அழைத்தேன். "தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்கம்மா. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க" என்பதற்கு மேல் எதுவும் சொல்லித் தரவில்லை.

குறுக்கு விசாரணையில், "மனுதாரர் உங்களுக்கு வேண்டியவர், அதனால் பொய் சொல்கிறீர்கள்" என்றார் கம்பெனி வக்கீல்.

"வேண்டியவதான் சார். அவ வராததால அவ வரிசையையும் சேர்த்து நான்தான் வெட்டுறேன்."

நீதிபதி அதை அப்படியே தட்டச்சரிடம் சொல்லிப் பதிவு செய்தார். மறு விசாரணை உண்டா என்று என்னைப் பார்த்தார். இல்லை என்றேன்.