அடைகோழி வாகனம்

ஊர்திகளுள் விரைந்து செல்வதே சிறந்தது என்பது உலகத்தார் பலருடைய துணிபு. அதனை மறுத்துரைப்பது எமது நோக்கமன்று. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வோன் மெல்லச் செல்லுதல் தகுமோ? ஆயினும், எழுபது ஆண்டு மூத்ததும், எத்துணை முறுக்கினும் மணிக்கு 35 மைலுக்கு மேற் செல்ல மறுப்பதுமாகிய ஒரு சின்னஞ்சிறு மோட்டார் சைக்கிளை வாழ்நாள் முழுதும் துணையாகக் கொண்டவர் யாம். கல்லூரி நாட்களைக் குறித்து ஏதேனும் எழுதுக என மலர்க் குழுவினர் கேட்டபோது, எம் நெஞ்சில் முதலில் வந்து நின்றது வகுப்பறையுமன்று, விளையாட்டிடமுமன்று, அவ்வண்டியே. அதற்குக் காரணம் இதனை இறுதிவரை படிக்கும் பொறுமையுடையோர்க்கு விளங்கும்.

பி. எஸ். ஏ. பாண்டம் என்பது அதன் பெயர். ஆங்கிலத்திலே குறுஞ்சாதிக் கோழியைப் பாண்டம் என்பர். யாவாத் தீவின் பழைய துறைமுகமாகிய பாந்தனின் பெயரே அவ்வாறு திரிந்ததாம். வண்டியின் எண்ணெய்த் தாங்கியிலும் ஒரு சேவற்படம் பொறிக்கப்பட்டிருந்தது. தமிழிலோ பாண்டம் மட்கலமன்றோ? எம்முடன் படித்த குறும்பர்களுக்கு இஃதொன்றே போதுமானதாயிற்று. 'உடைந்த பாண்டம்' என்றனர் சிலர். அதன் ஒலியைக் கேட்டு 'அடைகோழி' என்றனர் வேறு சிலர். பின்னைய பெயரே நிலைத்தது. எந்தையார் இதனைக் கேட்டுச் சினந்தாரல்லர். "முருகப் பெருமானுக்குச் சேவல் கொடியிலே, நமக்கு அது வாகனமாக வாய்த்தது" என்று கூறிச் சிரித்தார்.

இச்சிறு பொறியின் பிறப்பு வரலாறு பெரிது. 1939 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் சாக்சனி மாநிலத்துச் சொப்பாவ் நகரிலே டி. கே. டபிள்யூ. தொழிற்சாலையினர் ஆர். ரி. 125 என்னும் வண்டியை ஆக்கினர். போர் முடிந்தபின், தோற்ற நாட்டிடம் பெற்ற போரிழப்பீட்டின் பகுதியாக அதன் வரைபடங்கள் வென்றோர் கைக்குச் சென்றன. பேர்மிங்காம் நகரத்தார் அவ்வமைப்பை இடம் வலம் மாற்றி, கியர் மிதியை ஆங்கில வழக்கப்படி வலப்பக்கம் வைத்து, 1948 இல் பாண்டம் எனப் பெயரிட்டு வெளியிட்டனர். அமெரிக்காவிலே ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தாரும், சோவியத் நாட்டினரும் அதே அமைப்பில் வண்டிகள் செய்தனர். 1955 இல் யமஹா நிறுவனத்தார் செய்த முதல் மோட்டார் சைக்கிளும் இக்குடும்பத்ததே. பிரித்தானியாவில் தந்திச் சேவகர்கள் சிவப்பு நிறப் பாண்டங்களிலேறித் தந்தி கொண்டுசென்றனர். 1971 இல் அதன் உற்பத்தி நின்றது. கோழிக்குஞ்சு என நகைக்கப்பட்ட பொறியொன்று உலகை இவ்வாறு வலம்வந்ததென அன்று எமக்குத் தெரிந்திருப்பின் யாம் நாணியிருக்க மாட்டோம். ஆனால், நாணினோம். அதனையே ஈண்டுச் சொல்ல வந்தோம்.

எந்தையார் யாழ்ப்பாணக் கச்சேரியில் எழுதுவினைஞராயிருந்தார். 1954 இல், மாதந்தோறும் மிச்சம்பிடித்த பணத்தைக் கொண்டு மென்பச்சை நிறத்ததாகிய இவ்வண்டியை வாங்கினார். எம் வீடு புத்தூரில். காலையில் எம்மைப் பின்னாசனத்தில் ஏற்றிச் சிறுப்பிட்டி, நீர்வேலி, கோப்பாய், இருபாலை, நல்லூர் ஆகிய ஊர்களைக் கடந்து கல்லூரி வாயிலில் இறக்கிவிட்டு அவர் கச்சேரிக்குச் செல்வார். வழியிலே பஸ் எம்மை முந்தும், காரும் முந்தும், பெரிய நோர்ட்டன், ட்ரயம்ப் வண்டிகளும் முந்தும். எந்தையாரோ வேலியோரத்தில் நிற்பவரிடமெல்லாம் நலம் வினாவியவாறு செல்வார். ஓடும் வண்டியிலிருந்தே வினாவி விடையும் பெற்றுவிடக்கூடிய வேகம் அது.

1965 இல் எமக்குப் பதின்மூன்று வயது. அவ்வயதில் மானம் பெரிது, அறிவு சிறிது. ஒருநாள் வாயிலில் யாம் இறங்கியபோது மேல்வகுப்பு மாணவர் ஒருவர் கோழி கொக்கரிப்பதுபோல ஒலியெழுப்பினார். சூழநின்றோர் நகைத்தனர். மறுநாட் காலை, கல்லூரிக்கு இப்பாலுள்ள சந்தியை அணுகியதும், "ஐயா, என்னை இந்தச் சந்தியிலேயே இறக்கிவிடுங்கோ. நடந்து போறன்" என்றோம். காரணம் யாதென அவர் வினவினாரல்லர். "சரி தம்பி" என்றார். அன்றுதொட்டு நாள்தோறும் அச்சந்தியிலேயே நிறுத்தினார்.

கார்த்திகை மாதத்து மழைநாளொன்று இன்னும் எம் மனத்தினின்றும் அகலவில்லை. வீதியெல்லாம் வெள்ளம். இன்றைக்கேனும் வாயில்வரை கொண்டுசெல்வார் என எண்ணியிருந்தோம். அவரோ சந்தி வந்ததும் வண்டியை நிறுத்தி, தம் மழைச்சட்டையைக் கழற்றி எம்மிடம் நீட்டினார். "நீ இறங்கும் இடம் வந்துவிட்டது" என்றார். சினமோ குத்தலோ அச்சொல்லில் இல்லை. நனைந்தபடியே கச்சேரியை நோக்கிச் சென்றார். மெல்லச் செல்லும் வண்டியாதலின், அவர் கண்ணுக்கு மறைய நெடுநேரம் சென்றது.

1986 இல் எந்தையார் காலமானார். வண்டி எம் கைக்கு வந்தது. அதற்குமுன் யாம் வேறொரு விரைவான வண்டி வைத்திருந்தோமாதலின், பாண்டத்தைக் கொட்டிலில் நிறுத்திச் சாக்கினால் மூடிவைத்தோம். விற்க மனம் வரவில்லை. ஓட்டவும் மனம் வரவில்லை.

1990 ஆம் ஆண்டு ஆனியில் மீண்டும் போர் மூண்டது. வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் நின்றது. குடாநாட்டில் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. கார்புரேற்றரின் வாயிலே சில துளி பெற்றோல் விட்டு மிதித்தால் எஞ்சின் உயிர்பெறும்; சூடேறியபின் மண்ணெண்ணெயை உண்டு ஓடும்; வெண்புகை பின்னே தொடரும். எமது விரைவான வண்டி இவ்வுணவை ஏற்கவில்லை. அதன் எஞ்சின் கலவையை மிக இறுக்கி அமுக்குவது. அவ்வாறு அமுக்கினால் மண்ணெண்ணெய் தானாக வெடித்து எஞ்சினை இடிக்கும். பாண்டமோ ஆறரைக்கு ஒன்று என்னும் தாழ்ந்த அளவிலேயே அமுக்குவது. அது வேகம் குன்றியதற்குரிய காரணங்களுள் ஒன்று யாதோ, அதுவே அக்காலத்தில் அதனைக் காத்தது. சாக்கை நீக்கினோம். ஐந்தாண்டுகள் ஓட்டினோம்.

அவ்வைந்து ஆண்டுகளிலேயே யாம் அவ்வண்டியைக் கற்றோம். அது ஈரடிப் பொறி. எண்ணெயைத் தனியே இறைக்கும் பம்பி அதற்கில்லை. எரிபொருளிலே கலந்த எண்ணெயே உள்ளுறுப்புகளை நனைத்துக் காக்கும். கலவை குறைந்தால் ஆடுதண்டு இறுகும். மிகுந்தால் பிளக்கிலே கரி படியும். மண்ணெண்ணெயோ எப்போதும் கரியை மிகுவிப்பது. ஆகவே இரு கிழமைக்கொருமுறை சிலிண்டர் தலையைக் கழற்றி, புகைவாயிலும் சைலென்சரிலும் படிந்த கரியைச் சுரண்டினோம். எந்தையார் மரக்கைப்பிடி இட்டு வைத்திருந்த பழைய மேசைக்கத்தி ஒன்று அவருடைய கருவிப் பெட்டியில் இருந்தது. அஃது எதற்கென்று அதுவரை அறியோம், அன்று அறிந்தோம்.

1995 ஐப்பசியில் படையெடுப்பு வலிகாமம் கிழக்கை அணுகியபோது புத்தூரை விட்டு நல்லூரில் உறவினர் வீட்டிலே தங்கினோம். ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்ட வரலாற்றை இம்மலரைப் படிப்போருள் அறியாதார் சிலரே. எம் அன்னையாருக்கு அப்போது எழுபது வயது, முழங்கால் நோவுடையவர். அவரைப் பாண்டத்தின் பின்னாசனத்தில் இருத்தி, காணி உறுதிகளை அவர் மடியில் வைத்துப் புறப்பட்டோம். செம்மணி வெளியை அடையுமுன் வீதியில் அடியெடுத்துவைக்க இடமில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளினோம். மழையும் பெய்தது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க இரவு முழுதும் சென்றது. எம்மருகில் ஒருவர் விலையுயர்ந்த பெரிய மோட்டார் சைக்கிளைத் தள்ளிவந்தார்; பாரந் தாங்காது வீதியோரத்தில் அதனைச் சாய்த்துவிட்டு நடந்தார். அன்று எல்லா வாகனத்திற்கும் ஒரே வேகமே இருந்தது. பாரங் குறைந்தது எதுவோ அதுவே கரைசேர்ந்தது. விடியற்காலையிலே அன்னையார், "உன்ரை ஐயா கூட வந்ததுபோல இருக்குது தம்பி" என்றார். யாம் யாதும் கூறவில்லை, தள்ளினோம்.

1996 இல் ஊர் திரும்பினோம். கொட்டில் இல்லை, வீட்டின் பாதியும் இல்லை. வண்டி இருந்தது.

2009 இல் போர் முடிந்தபின் வீதிகள் அகன்றன. கறுத்துப் பளபளக்கும் காபெற் வீதிகளில் இளைஞர்கள் அம்புபோற் செல்கின்றனர். அவர்களிடம் எமக்குப் பொறாமையில்லை. அச்சம் மட்டும் சிறிதுண்டு. 2022 இல் பெற்றோல் நெருக்கடி வந்தபோது, கியூ. ஆர். குறியைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரம் 4 லீற்றரே பெறலாயிருந்தது. எம் அடைகோழி லீற்றருக்கு 40 கிலோமீற்றர் செல்வது. அயலிலுள்ள இளைஞர்கள் வரிசையில் நின்று வாடியபோது, மிகுந்த பெற்றோலில் ஒரு போத்தல் அவர்களுள் ஒருவருக்குக் கொடுத்தோம். அவர் வண்டியின் விலை எம் வண்டியைக் கேலிசெய்யப் போதுமானது. ஆனால் அன்று அவர் அதனைத் தடவிப் பார்த்தார்.

இன்றும் நன்னாட்களில் பருத்தித்துறைக்குச் செல்வதுண்டு. 30 மைல் வேகத்திலே செல்வோனுக்கு ஊர் ஒளிக்காது தன்னைக் காட்டும். செம்மண்ணிலே வெங்காய நடுகை நடப்பது தெரியும். புகையிலை உணக்கும் கொட்டிலின் மணம், அதனைக் கண்ணாற் காணுமுன்னரே வந்து சேரும். இறைப்பு இயந்திரத்தின் ஒலி கேட்கும். மதகடியில் இருப்பவர் கையுயர்த்தினால் யாம் கையுயர்த்தி விடையளிக்க நேரமிருக்கும். வல்லை வெளியில் மட்டும் எம் பெருமை குன்றும். ஆங்குக் கடனீரேரிக் காற்று எதிர்த்து வீசும்போது வண்டி இரண்டாங் கியருக்கு இறங்கிவிடும். ஒருமுறை துவிச்சக்கர வண்டியிலே சென்ற சிறுவனொருவன் எம்மை முந்தி, திரும்பிப் பார்த்து, "ஐயா, உதவி வேணுமோ?" என்றான். வேண்டாமென்று கூறி அவன் பின்னே நெடுந்தூரம் சென்றோம். அவன் முதுகு காற்றைச் சற்றே தடுத்ததாதலின் அவ்வுதவியையும் பெற்றோமென்றே சொல்லுதல் வேண்டும்.

எம் பேரன் இன்று நம் கல்லூரியிலே ஒன்பதாம் வகுப்பில் படிக்கின்றான். அவன் தந்தைக்கு நேரமில்லாத நாட்களில் யாமே பாண்டத்தில் ஏற்றிச்செல்வோம். சென்ற தவணையில் ஒருநாள், பழைய அதே சந்தியை அணுகியபோது, எம் தோளை மெல்லத் தட்டி, "அப்பப்பா, இதிலை இறக்கிவிடுங்கோ, நடந்து போறன்" என்றான்.

வண்டியை நிறுத்தினோம். "சரி தம்பி" என்றோம். அச்சொல் எம் வாயினின்று வந்ததா, எந்தையார் வாயினின்று வந்ததா என்று ஒருகணம் அறியோம். எமக்கு நோவவில்லையென்று எழுதினால் அது முழு உண்மையாகாது. ஆயினும் நோவைவிட மிகுதியாக வேறொன்று தோன்றியது. அறுபது ஆண்டுகளாக யாம் எந்தையாருக்குப் பெருந்தீங்கு இழைத்தோமென்று சுமந்திருந்தோம். தெருவைக் கடந்து, புத்தகப் பையோடு விரைந்து செல்லும் அப்பிள்ளையின் முதுகைப் பார்த்து நின்றபோது, சினம் எம்மிடம் எள்ளளவும் இல்லை. அவன் வாயிலுக்குட் புகும்வரை பார்த்திருத்தல் வேண்டும் என்னும் அவா ஒன்றே இருந்தது. அன்று மழையிலே சென்றவரும் அவ்வாறே திரும்பிப் பார்த்திருப்பார்போலும். வண்டி மெல்லச் சென்றதற்கு அதன் எஞ்சின் மட்டுமே காரணம் என இத்துணைக் காலமும் எண்ணியிருந்தோம்.

பழைய மாணவ நண்பர்களே, விழா நாளன்று நீவிர் நும் வாகனங்களில் விரைந்து வருவீர். யாம் சற்றுப் பிந்தியே வருவோம். வாயிலிலே அடைகோழியின் ஒலி கேட்பின், வருபவர் யாரென ஐயுறற்க. இம்முறை சந்தியில் இறங்கமாட்டோம். கல்லூரி வாயில்வரை, அதன்மேல் வீற்றிருந்தே வருவோம். கொக்கரித்து வரவேற்க விரும்புவோர் தாராளமாகக் கொக்கரிக்கலாம்.

வாழ்க நம் கல்லூரி!