பிணப்பைகள்

2009ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம், கனடாவின் மனிற்றோபா மாகாணத்து வடபுலத்தில் வாழும் ஆதிக்குடியினரின் சில ஊர்களுக்கு அரசாங்கச் சுகாதாரத் திணைக்களத்திலிருந்து பொதிகள் போய்ச் சேர்ந்தன. பன்றிக் காய்ச்சல் எனப் பெயர்பெற்ற இன்புளுவென்சாவின் இரண்டாம் அலையை எதிர்நோக்கி உதவி கேட்டிருந்த மக்கள் அவர்கள். முகக்கவசங்களோடும் கைசுத்தித் திரவத்தோடும் பிணங்களைப் பொதியும் பைகளும் அவற்றுள் இருந்தன. அவ்வூர்களுள் ஒன்றின் பெயர், தமிழிற் சொல்வதானால், கடவுளின் ஆறு.

குளிர்காலத்துக்கான வழமையான கையிருப்பே அது, எண்ணிக்கைதான் மிகைப்பட்டுவிட்டது என்று திணைக்களம் விளக்கந் தந்தது, வருத்தமுந் தெரிவித்தது. தலைவர்கள் பைகளை வின்னிப்பெக் நகருக்குக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தனர்.

எழுதுவினைஞர் ஒருவரின் கைப்பிழையென்று இதைத் தள்ளிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. அவ்வாண்டு முதலாம் அலை எழுந்தபோது நடந்ததென்ன? ஐலண்ட் லேக் பிரதேசத்துச் சென்ற் திரேசா பொயின்ற், கார்டன் ஹில் முதலிய ஊர்களிலிருந்து நோயாளர் விமானத்தில் வின்னிப்பெக் வைத்தியசாலைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவ்வூர்களுக்கு நிரந்தரத் தெரு கிடையாது. ஏரிகள் உறைந்த பின்னர் திறக்கும் பனிப்பாதை ஒன்றே உண்டு. தடிமனும் காய்ச்சலுமாகத் தொடங்கிய பிணி சில நாட்களில் நுரையீரலைப் பற்றிக்கொள்ள, மூச்சையே இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. கனடாவின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிற் கிடந்த 168 பேரை அவ்வாண்டு ஆராய்ந்த வைத்தியர்கள், அவர்களுள் 43 பேர் ஆதிக்குடியினர் எனக் கண்டார்கள். நாட்டின் சனத்தொகையிலோ அம்மக்கள் அப்போது நூற்றுக்கு நால்வர் அளவினராகவே இருந்தனர். ஆராயப்பட்டோரின் சராசரி வயது 32. நாமும் அவ்வயதினரே.

அம்மக்களின் இரத்தத்திலேயே ஏதோ குறையுண்டெனக் கருதுவோர் உளர். பரம்பரை பற்றிய ஆராய்ச்சியை நாம் இகழவில்லை. ஆயினும், பத்துப்பேர் நெருங்கிப் படுத்துறங்கும் சிறுவீட்டையும், வாளியிற் சுமந்துவந்து அளந்து செலவிடும் நீரையும் கண்முன்னே வைத்துக்கொண்டு இரத்தத்திற் காரணம் தேடுவது ஆளும் வர்க்கத்துக்கு மிகவும் வசதியான விஞ்ஞானம். இரத்தத்தை எவராலும் மாற்ற இயலாது; ஆகவே செலவும் இல்லை. குழாய் பதிப்பதற்கோ பணம் வேண்டும். “சவர்க்காரமிட்டு அடிக்கடி கை கழுவுக” என்ற அறிவுரை குழாயில்லாத வீடுகளுக்கும் போயிற்று. கைசுத்தித் திரவமாவது தாருங்கள் என அவர்கள் கேட்டபோது, அதில் மதுசாரம் இருக்கிறதே, குடித்துவிடுவார்களோ என உத்தியோகத்தர் யோசித்தனர். யோசனை முடியுமட்டும் காய்ச்சல் காத்திருக்கவில்லை. 1918ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சலிலே அதே மாகாணத்து நோர்வே ஹவுஸ் என்ற ஊர் தன் மக்களுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினரை இழந்திருந்தது. முன்னெச்சரிக்கை இல்லையென்று எவரும் சொல்வதற்கில்லை.

இச்செய்திகளை உயர்தர வகுப்பு மாணவரிடம் ஒருநாள் கூறினோம். கனடா அவர்களுக்கு அந்நிய தேசமன்று. பாதிப்பேருக்கு அங்கே சிற்றப்பனோ மாமியோ உண்டு. அங்கிருந்து வரும் பணத்திலே படிப்பவர்களும் உளர். பின்வாங்கிலிருந்த மாணவி எழுந்து, “சேர், எங்கட மாமா இருவது வரியமா அங்கதான் இருக்கிறார். இப்பிடி ஆக்கள் இருக்கினம் எண்டே ஒருநாளும் சொல்லேல்லையே?” என்றாள்.

மாமாவைக் குறைசொல்ல நாம் யார்? காணியும் வீடும் பறிபோய், உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு போனவர்களுள் அவரும் ஒருவராயிருக்கலாம். இரவுபகல் இரண்டு வேலை பார்ப்பவருக்கு றொறன்ரோவின் தெருக்களே முழுதுந் தெரியாது. எனினும் அவர் கால்வைத்த மண் முன்னர் எவருடையது என்ற வினா அவரிடமும் கேட்கப்படத்தக்கதே. நிலமிழந்தவர் என்ற உரிமையிற் பேசும் நம்மிடம் சற்று அதிகமாகவே கேட்கப்படலாம். அப்பிள்ளை மாமாவுக்கு எழுதிக் கேட்கப்போவதாகச் சொன்னாள்.

பின்னர் சுவரிலிருந்த தேசப்படத்தில் அவ்வூர்களைத் தேடினோம். ஊர்ப்பெயர் எதுவும் அதில் இல்லை. அவ்விடமெங்கும் ஏரிகள், நீலப்புள்ளிகளாக நீர்.