ரீஃபண்டு வந்தாச்சா சார்?

பி.காம். படித்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. தன் பாக்கெட்டில் சல்லிக்காசு இல்லாவிட்டாலும் ஊரார் வருமானத்துக்குக் கணக்கு எழுதணும். ஜூலை பிறந்தால் பொத்தேரியில் என் வீட்டு வாசலில் 'ஃபாரம் 16'-ம் கையுமாக ஒரு கூட்டம்!

2023-ல் ஒருத்தர் வந்தார். 18,000 ரூபாய் ரீஃபண்டு. தாக்கல் செய்த மறுநாளே ஆரம்பித்துவிட்டார்: "பணம் வரலையே சார்?" பொத்தேரி ஸ்டேஷனில் என்னைப் பார்த்தால் தாம்பரம் வரை விடமாட்டார். நான் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஏறாததுதான் பாக்கி.

"பெங்களூர்ல கம்ப்யூட்டர் பார்க்குது, நான் என்ன பண்ண?" என்று நாலு மாசம் ஓட்டினேன். ஒருநாள் வெடித்துவிட்டார்: "பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்யா!"

அன்றைக்கு ராத்திரிதான் உட்கார்ந்து பார்த்தேன். பான் கார்டில் ஒரு பெயர், பேங்க்கில் வேறு இனிஷியல். ரீஃபண்டு எப்போதோ திரும்பிப் போயிருக்கிறது. தகவலும் வந்திருக்கிறது, என் மெயிலுக்கு! சௌகரியத்துக்காக என் மெயில் முகவரியையே கொடுத்திருந்தேன்.

வருமான வரித்துறை தாமதம் செய்தால் மாதம் அரை சதவிகிதம் வட்டி தரும். நம்மால் ஆன தாமதத்துக்கு அது கிடையாது.

மறுநாள் ஸ்டேஷனில் நானே அவரைத் தேடிப்போய் உண்மையைச் சொன்னேன். முறைத்தார். பேங்க்கில் பெயரைத் திருத்தி, மறுபடி விண்ணப்பித்தோம். பணம் வந்தது. என் ஃபீஸை நான் வாங்கவில்லை.

இப்போதெல்லாம் கத்துகிற கிளையன்ட்டிடம் நான் பதிலுக்குக் கத்துவதில்லை. முதலில் மெயிலைப் பார்க்கிறேன்.