கம்ப்ரசரின் அடிவயிற்றுத் தண்ணீர்

ஆலங்காயத்தில் நான் போன பட்டறை, கூலிக்குத் தோல் மேல்பூச்சு அடித்துக் கொடுக்கும் இடம். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து டேனரிகளிலிருந்து வரும் தோலை விரித்து, ஸ்ப்ரே கன்னால் சாயமும் அதன்மேல் லாக்கரும் அடிக்கிறார்கள். ஐப்பசி மழை. மேஸ்திரி ஒரு கறுப்புத் தோலை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். அங்கங்கே வெளுத்த புள்ளிகள்.

"லாக்கர்ல தப்பு இல்ல சார். காத்துல தண்ணி வருது."

கொல்லைப்புறத்தில் 5 எச்.பி. பிஸ்டன் கம்ப்ரசர், 250 லிட்டர் டேங்க். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதை வெளிக்காற்றைவிட 7 பார் கூடுதல் அழுத்தத்துக்கு நசுக்கினால் இடம் எட்டில் ஒன்றாகிறது. காற்று ஆறியதும் அந்தச் சின்ன இடம் தாங்காத ஈரமெல்லாம் தண்ணீராக டேங்கின் அடியில் இறங்குகிறது. மழைக்காலத்தில் நிற்காமல் ஓடினால் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாது. (பட்டறை இருக்கும் இதே சாலை மலைமேல் ஏறிக் காவலூர் வானோக்ககத்துக்குப் போகிறது. காற்றில் ஈரம் கூடினால் அங்கே தொலைநோக்கியின் கூரையைத் திறக்கமாட்டார்கள். கூலிப் பட்டறைக்கு அந்த வசதி ஏது?)

அடியில் உள்ள கைவால்வைத் திறந்துவிடுவது ஹெல்பர் பையன் வேலை. ஆர்டர் நெருக்கும் நாளில்தான் கம்ப்ரசர் அதிகம் ஓடும், தண்ணீரும் அதிகம் சேரும். பையனுக்குக் கை ஒழியாததும் அன்றைக்குத்தான். அதனால் தானாகத் திறக்கும் வால்வு ஒன்று மாட்ட முதலாளி முடிவு செய்திருந்தார். வாணியம்பாடியிலிருந்து வந்த மெக்கானிக் மூன்று வகையைச் சொன்னார்.

மிதவை வைத்தது முதலாவது. தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பித் திறக்கும், கரண்டே வேண்டாம். முதலாளிக்கு அதில்தான் கண். மெக்கானிக் பேச்சை வளர்க்காமல் கைவால்வைத் திறந்து ஒரு மக்கில் பிடித்தார். வந்தது பால் போல வெளுத்த, எண்ணெய் கலந்த தண்ணீர். மக்கின் அடியில் துருச்செதில்கள் படிந்தன. "பாய், இந்தக் கசடு மிதவையை ஒட்டிப் புடிச்சுக்கும். அது மூடினபடியே நின்னுட்டா உங்களுக்குத் தெரியவே தெரியாது. தோல் மேல புள்ளி விழுந்த பிறகுதான் தெரியும்."

எந்த வால்வும் ஒருநாள் கெடும் என்பது நிச்சயம். எப்படிக் கெடும் என்று விசாரித்து வாங்குகிறவர்கள் குறைவு. விலைப்பட்டியலிலும் அது இருக்காது. இரண்டாவது வகை, டைமர் வைத்த சோலனாய்டு வால்வு. இதிலும் துரு போய் அடைக்கும், ஆனால் பெரும்பாலும் மூடும் இடத்தில் செதில் சிக்கித் திறந்தபடி நின்றுவிடும். 4 மில்லிமீட்டர் துளை திறந்தே கிடந்தால் 5 எச்.பி. கம்ப்ரசர் தரும் காற்று மொத்தமும் அதன் வழியே போய்விடும். மோட்டார் ஓயாது, சீறல் தெருவரை கேட்கும். கரண்டு பில் ஏறும்தான். ஆனாலும் ஊமையாகக் கெடுவதைவிடக் கத்திக்கொண்டு கெடுவது எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது வகை சென்சாரால் தண்ணீர் மட்டத்தை அறிந்து, காற்றை வீணாக்காமல் நீரை மட்டும் வெளியேற்றும். பெரிய ஸ்க்ரூ கம்ப்ரசர் ஓடும் ஷூ கம்பெனிக்கு அது சரி. இங்கே ஒற்றை பிஸ்டனுக்கு அந்த விலை தேவையில்லை.

டைமரே முடிவானது. அதற்கு முன்னால் கசடைத் தடுக்க ஒரு வலைவடிகட்டி, அதற்கும் முன்னால் கையால் மூட ஒரு பால் வால்வு. வலையைக் கழுவ டேங்கையே காலி செய்ய வேண்டாம் அல்லவா? அரை மணிக்கு ஒருமுறை, இரண்டு மூன்று விநாடி என்று மெக்கானிக் வைத்தார். முதலாளி பத்து விநாடி கேட்டார். தண்ணீர் முதல் ஓரிரு விநாடியிலேயே போய்விடும், மிச்ச நேரம் காசுதான் ஊதிக்கொண்டு போகும் என்றார் மெக்கானிக்.

வெளியேறும் குழாயைச் சாக்கடைக்குள் விட எழுந்த பையனை மேஸ்திரி தடுத்து, ஒரு கேனைக் கொண்டுவரச் சொன்னார். பாலாற்றை டேனரிக் கழிவு கெடுத்த வழக்கில், மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வட்டாரம் இது. கேனில் நிற்கவிட்டால் எண்ணெய் கொஞ்சம் மேலே ஒதுங்கும். பாலாகக் கலந்துவிட்டது லேசில் பிரியாது. எண்ணெய்-நீர் பிரிப்பான் ஒன்று வேண்டும்.

இத்தனை செய்தும் புள்ளி முழுசாக நிற்காது என்று மெக்கானிக் முன்கூட்டியே சொல்லிவிட்டார். டிரெயின் வால்வு வெளியேற்றுவது தண்ணீரான தண்ணீரை மட்டும்தான். டேங்கிலிருந்து சூடாகக் கிளம்பும் காற்று ஆவியைச் சுமந்துபோய்க் குழாயில் ஆறித் திரும்பவும் சொட்டும். ஆகவே மெயின் குழாயின் மேல்பக்கத்திலிருந்து கிளை எடுக்க வேண்டும், கன்னுக்கு முன்னால் கீழே தொங்கும் குழாய்த்துண்டு வைத்து அதிலும் ஒரு வால்வு போட வேண்டும். லாக்கர் வேலைக்குக் கடைசியில் ஏர் டிரையர் வாங்கித்தான் ஆகணும் என்றார்.

"அது எவ்ளோ தம்பி?" என்றார் முதலாளி. விலையைக் கேட்டதும், முதலில் குழாயை மாற்றச் சொன்னார்.