நாகையை நோக்கி

வெளிநாட்டுப் பயணம் என்றவுடன் இக்காலத்துப் பிள்ளைகள் வானத்தையே அண்ணாந்து பார்க்கின்றனர். காங்கேசன்துறையிற் கப்பலேறி, நாகபட்டினத்தில் இறங்கி, சிதம்பரம், தஞ்சை, இராமேசுவரம் கண்டு, அங்கிருந்து புகைவண்டியிற் காசிவரை செல்வதென நாம் முடிவுசெய்தபோது, எம் பிள்ளைகள் இருவரும் முகஞ் சுளித்தனர். மூத்தவனுக்குப் பதின்மூன்று வயது, இளையவளுக்கு ஒன்பது. பலாலியில் விமானமேறினால் ஒன்றரை மணி நேரத்திற் சென்னையில் இறங்கலாமே என்பது அவர்கள் வாதம். வாதம் பிழையன்று. ஆயினும் இக்கடலை அவர்கள் கண்ணாற் கண்டு, மெல்லக் கடக்க வேண்டுமென நாம் விரும்பினோம். அவர்களுடைய அப்பாச்சியும் எம்முடன் புறப்படுவதாயிருந்தார்.

அன்னையார் சிறுமியாயிருந்தபோது, மார்கழித் திருவாதிரைக்காகத் தந்தையாருடன் சிதம்பரம் சென்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து மதவாச்சிவரை ஒரு வண்டி. அங்கு மாறித் தலைமன்னார். பின் கப்பலில் தனுஷ்கோடி. இறங்கியதும் துறையிலேயே இந்தியப் புகைவண்டி. 1914இல் தொடங்கிய அவ்வழியை 1964 டிசம்பர்ப் புயல் அழித்தது. அதன்பின் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களிற் போரினால் நின்றது.

பிறகு இக்கடலைக் கடந்தோர் சீட்டு வாங்கிக் கடந்தாரல்லர். இரவில், மீன்பிடிப் படகில், குழந்தைகளின் வாயைப் பொத்திக்கொண்டு கடந்தனர். அன்னையாரின் தம்பி, எமக்கு அம்மான், 1990இற் பேசாலைக் கரையிலிருந்து அவ்வாறு சென்றவர். முகாமில் நெடுங்காலம் வாழ்ந்து, இப்போது திருச்சிக்கு அருகே இருக்கிறார். கடவுச்சீட்டு இல்லாதவர்; இங்கு வர வழியில்லை. எமது பயணத்தின் முதற்காரணம் காசியன்று என்பதை வாசகர் ஊகித்திருப்பர்.

நான்கு வாரப் பயணத்துக்குப் பொதி கட்டுவது எம் வீட்டில் ஒரு வழக்காகவே முடிந்தது. கப்பலிற் பொதியின் நிறைக்கு வரம்புண்டு. அன்னையாரோ தம்பிக்கென ஒடியல் மா மூட்டையொன்று கட்டி வைத்திருந்தார். அதைப் பாதியாக்கலாமே என்று மெல்லக் கூறினோம். “உடுப்பு அங்கையும் வாங்கலாம். ஒடியல் மா வாங்கேலுமோ?” என்றார். மகனின் துடுப்பும் எமது நூல்கள் நான்கும் பெட்டியை விட்டு வெளியேறின.

குறித்த நாளிற் கடல் கொந்தளித்தமையாற் கப்பல் புறப்படவில்லை. வழிக்கெனக் கட்டிய பிட்டுப் பொதியை வீட்டுத் திண்ணையிற் பிரித்து உண்டோம். பிள்ளைகள் அதையும் விளையாட்டாகக் கொண்டனர். அன்னையார் மட்டும் அன்றிரவு மா மூட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே உறங்கினார்.

மூன்றாம் நாள் புறப்பட்டோம். மாவிட்டபுரத்து முருகன் திருவுருவம் இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய துறையாதலின், காங்கேயன் துறையெனப் பெயர் வந்ததென்பது ஐதிகம். ஐதிகத்தை மகள் ஏற்றாள். மகன் சான்று கேட்டான். அவனுக்கு அன்னபூரணியின் வரலாற்றைக் கூறினோம். வல்வெட்டித்துறையிற் கட்டிய அப்பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அது கேட்டபின் அவன் விமானத்தைப் பற்றிப் பேசவில்லை.

இவ்வழியிற் கப்பற் சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஆரம்பித்தது. தூரம் ஏறக்குறைய 110 கிலோமீற்றர். நான்கு மணி நேரம் வேண்டும். முதல் ஒரு மணி நேரம் இன்பமாயிருந்தது. பின்பு மகளுக்கு வாந்தி, எலுமிச்சம்பழம் உதவிற்று. கரை கண்ணுக்கு மறைந்ததும் மகன், “திருச்சித் தாத்தா போன படகும் இவ்வளவு பெரிசோ, அப்பாச்சி?” என்று கேட்டான். அவர் எமக்கு முன்னிருந்த இருக்கை வரிசைகளில் இரண்டைச் சுட்டிக் காட்டினார். “அவ்வளவுதான். அதுக்குள்ளை இருபத்திரண்டு பேர்.” அவன் அவ்விருக்கைகளை எண்ணத் தொடங்கினான், இரண்டாம் முறையும் எண்ணினான்.

நாகை பழைய துறை. முதலாம் இராசராசன் காலத்தில், கடல்கடந்த ஸ்ரீவிசய மன்னன் ஒருவன் இங்கு சூடாமணி விகாரத்தை எழுப்பினான். சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு வழங்கினான். இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்கு விரித்துரைக்க ஆயத்தமாய் வந்திருந்தோம். சுங்கத்தில் மா மூட்டை அவிழ்க்கப்பட்டதால் உரைக்க இயலவில்லை. அதிகாரி இது யாதென வினவ, மகள் முந்திக்கொண்டு, பனங்கிழங்கைக் காயவைத்து இடிப்பதிலிருந்து கூழ் காய்ச்சுவதுவரை ஒன்றும் விடாது விளக்கினாள். அவர் சிரித்துக்கொண்டு மூட்டையைத் தாமே கட்டிக் கொடுத்தார்.

வெளிவாயிலிற் பலர் காத்து நின்றனர். தொலைபேசித் திரையில் அன்னையார் தம்பியின் முகத்தைக் கண்டு பேசியவரே. ஆனால் அவருடைய கூனலையும் கைத்தடியையும் அத்திரை காட்டியதில்லை. ஆதலால் அவரைக் கடந்து சென்று, கூட்டத்தில் வேறெவரையோ தேடினார். “அக்கா” என்ற குரல் கேட்ட பின்பே திரும்பினார்.

அன்று மாலையே சிதம்பரம் செல்வதாயிருந்தோம். செல்லவில்லை.