எந்தத் தவணை?

எங்கள் வீட்டில் தவணை என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தம். பாடசாலைத் தவணை, லொறிக்குக் கட்டுகிற லீசிங் தவணை, கடைசியாக வந்து சேர்ந்த கோர்ட் தவணை. அது வந்த பிறகு மற்ற இரண்டையும் யாரும் பெரிசா எடுக்கல.

நாங்கள் என்றால் அக்காவும் தம்பியும். 2021 கடைசியில் அப்பா வீட்டை விட்டுப் போனபோது ஒருவருக்குப் பத்தாம் தரம், மற்றவருக்கு ஏழாம் தரம். நாவுல, கலேவெலப் பக்கம் விவசாயிகளிடம் மரக்கறி வாங்கி, தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு லொறியில் ஏற்றுவதுதான் அப்பாவின் தொழில். ஏன் பிரிந்தார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை, அது அவங்க ரெண்டு பேர் கதை. காசைப் பற்றி எழுதலாம். அது எங்களுடையதும்தான்.

மாத்தளையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பிரிந்தாலும் ஆளுக்கொரு வாசலுக்குத்தான் போகணும். கண்டியச் சட்டப்படி முடித்தவர்கள் மாவட்டப் பதிவாளரிடம் போவார்கள், முஸ்லிம்கள் காதியிடம். எங்களைப் போன்றவர்களுக்கு விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தில், செலவுக் காசு நீதவான் நீதிமன்றத்தில். செலவுக் காசு என்று நாம் சொல்வதைச் சட்டம் தாபரிப்பு என்கிறது. 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் அது. பழையதில் கணவன் மட்டும்தான் கொடுக்க வேண்டும். புதியதில் வசதியுள்ள துணை, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத துணைக்குக் கொடுக்க வேண்டும், ஆணானாலும் பெண்ணானாலும். பெற்றோர் முறைப்படி கல்யாணம் முடித்தவர்களா என்பதைப் பார்த்துப் பிள்ளையின் உரிமை குறையாது. கோயிலில் தாலி கட்டியதோடு பதியாமல் விட்ட தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

லோயர் அம்மாவிடம் முதலில் கேட்டது அப்பாவின் வருமானத்தை இல்லை. "எங்கயாவது கையெழுத்து வச்சீங்களா?" என்றுதான் கேட்டார். அம்மா வைத்திருந்தாங்க. பொலிஸில் முறைப்பாடு செய்யப் போன அன்று, சமாதானம் பேசி, சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில். இருவரும் விருப்பத்தோடு பிரிந்து வாழச் சம்மதிக்கிறார்கள் என்று அதில் இருந்தது. பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்திருக்கும் துணைக்குத் தாபரிப்பு இல்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பிள்ளைகளுக்கு அந்தத் தடை கிடையாது. ஆகவே வழக்கு முடியும் வரைக்கான இடைக்காலக் கட்டளை எங்கள் இருவருக்கும் மட்டும் வந்தது: மாதம் 12,000 ரூபாய். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. மாத்தளை நீதிமன்றங்கள் சிங்களத்தில் நடப்பவை, ஆனால் உள்ளே மொழிபெயர்ப்புக் கேட்க அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அம்மாவும் கேட்டாங்க, கிடைத்தது. ஆனா அந்தத் தாளை எழுதிய மேசையில் முதலியார் யாரும் இருக்கவில்லை. இதை வாசிக்கிற அக்கா, தங்கச்சிமாரே, வாசிக்கத் தெரியாத தாளில் தயவுசெய்து கையெழுத்து வைக்காதீங்க.

12,000 எப்படி வந்தது? மாதம் 35,000 ரூபாய்தான் வருமானம் என்று அப்பா சொன்னார். சம்பளச் சீட்டு உள்ளவர் இப்படிச் சொல்ல முடியாது. அரசாங்க உத்தியோகமோ தோட்ட வேலையோ, சீட்டைக் காட்டினால் முடிந்தது, சம்பளத்திலேயே கழிக்கும்படி கட்டளையும் போடலாம். விடிகாலை இரண்டு மணிக்குக் கைக்குக் கை மாறுகிற காசுக்கு எந்தச் சீட்டு?

பிறகு 2022 வந்தது. அந்த செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது என்று நியூஸில் சொன்னார்கள். எங்களுக்கு அது அரிசியிலும் பால்மாவிலும் முன்னமே தெரியும். 12,000 அதே 12,000ஆக நின்றது. அம்மா ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனாங்க. அப்பா டீசல் இல்லை, லொறி ஓடல என்றார். அது பொய் இல்லை, மூன்று நாள் வரிசையில் நின்றவருக்குச் சோறு கட்டிக்கொண்டு போனதே நாங்கள்தான். ஆனால் 35,000 பொய். அதுவும் எங்களுக்குத் தெரியும். அப்பாவின் கணக்குக் கொப்பி ஒன்று வீட்டில் கிடந்தது. பின்பக்க வெற்றுத் தாள்களில் தம்பி கணக்குச் செய்து பார்ப்பான். முன்பக்கத்தில் 2021இன் ஐந்து மாதக் கணக்கு. கறிமிளகாய் இவ்வளவு கிலோ, போஞ்சி இவ்வளவு, கூலி போக மிச்சம் இவ்வளவு.

அம்மா கேட்கவே இல்லை. இரண்டு கிழமை நாங்கள் அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசவும் இல்லை. ட்யூஷன் காசு கட்டாததால் சேர் அக்காவை வகுப்புக்கு வெளியே கூப்பிட்டுக் கேட்ட நாளில், கொப்பியை அம்மாவின் பையில் வைத்தோம்.

அடுத்த தவணையில் கொப்பியைக் கண்டதும் அப்பா லோயரைப் பார்க்கவில்லை, வாசல் பக்கம் திரும்பினார். நாங்கள் அன்று பாடசாலைக்குப் போயிருந்தோம். அவருக்கு அது தெரியாது.

இந்தியாவில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இடைக்காலக் காசு கேட்கிற வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் சத்தியக் கடதாசியில் காட்ட வேண்டும் என்றது. விண்ணப்பித்த திகதியிலிருந்தே காசு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பெண் பிரிந்தது 2013இல். வழிகாட்டித் தீர்ப்பு வந்த வழக்கிலேயே இடைக்காலத்துக்கு ஏழு வருசம்! ஆனாலும் அந்தக் கடதாசி எங்களுக்குப் பிடித்திருக்கிறது. அது இருந்திருந்தால் வருமானத்தைச் சொல்ல வேண்டியவர் அப்பாவாக இருந்திருப்பார், நாங்கள் இல்லை.

2023இல் தொகை 25,000 ஆனது. அதன் பிறகு அப்பா மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்டார். அந்த வழக்கு நடக்கிற காலத்துக்குத் தன் பங்கை அங்கே கேட்கலாம் என்று லோயர் சொல்லி, அம்மா கேட்டிருக்காங்க. அது இன்னும் தவணையில்.

அக்காவுக்கு இப்போது 18 முடிந்துவிட்டது. 18க்கும் 25க்கும் இடையில், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையும் தாபரிப்புக் கேட்கலாம். கேட்டால் இனி அவள் பெயரில்தான் வழக்கு, அப்பாவுக்கு எதிரே அவளேதான் நிற்கணும். அம்மா வற்புறுத்தவில்லை. லோயர் ஆவணி முடிவதற்குள் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதி காசைப் போட்டுவிட்டு அப்பா "போட்டாச்சு" என்று மெசேஜ் அனுப்புவார். நாங்கள் "சரிப்பா" என்று அனுப்புவோம். இந்த மாதமும் அப்படித்தான் அனுப்பினோம்.